பேக்லிங்க்கைக் காசு கொடுத்து வாங்குவதா, நிருபரே தேடி வந்து எடுக்கும்படி எழுதுவதா? ஒரு சின்ன சோலார் கம்பெனியை வைத்து ஓர் ஒப்பீடு

கோவையில் வீட்டுக் கூரைகளில் சோலார் மாட்டிக் கொடுக்கும் நண்பர் ஒருவர், வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷனை அனுப்பி "ஓகே சொல்லிடவா?" என்று கேட்டார். மாதம் இத்தனை பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்), எல்லாம் பெரிய தளங்கள், ஆறு மாதத்தில் கூகுள் முதல் பக்கம் என்று அதில் இருந்தது. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்தான். ஆனால் உடனே அவர் நியாயமாகவே அடுத்த கேள்வியைக் கேட்பார்: அப்படியென்றால் இந்தக் காசை எதில் போடுவது? அதற்கு என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவருடைய கம்பெனிக்கு எது ஒத்துவரும், எது வராது என்று பார்த்தோம். சின்னத் தொழில், சின்ன வெப்சைட், அளவான பணம் என்று இருக்கும் யாருக்கும் உதவும் என்பதால் அன்று பேசியதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

லிங்க் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும், இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையை வெளியிட்டபோது, அதற்கான யோசனை ஆய்வுக் கட்டுரைகளின் உலகத்திலிருந்து வந்தது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள், காட்டுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்து அதன் மதிப்பை எடைபோடுவது. ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுப்பதை, "இவர் சொன்னதை நான் நம்பி எடுத்துக்கொண்டேன்" என்ற சாட்சியாகக் கூகுள் எடுத்துக்கொண்டது. இன்று அது கவனிக்கும் விஷயங்கள் எவ்வளவோ கூடிவிட்டன என்றாலும், சாட்சி சொல்கிறவர் யார் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் செய்தி எழுதுகிறவர் தரும் ஒரு லிங்க்குக்கு இவ்வளவு மதிப்பு. கூகுளின் ஜான் மியூலரே 2021 ஜனவரியில், டிஜிட்டல் பி.ஆர். வேலை (செய்தித்தளங்கள் நம்மைப் பற்றி எழுதும்படி செய்வது) தொழில்நுட்ப எஸ்.இ.ஓ.வுக்கு (தளத்தைக் கூகுள் தேடலுக்கு ஏற்றபடி அமைப்பதற்கு) சமமாக முக்கியம், பல நேரங்களில் அதைவிடவும் முக்கியம் என்று ட்விட்டரில் எழுதினார்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கொட்டேஷனில் இருந்தது முதல் வழி, காசு கொடுத்து வாங்குவது. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2012 ஏப்ரலில் கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, வாங்கிய லிங்க்குகளை நம்பிப் பிழைத்த தளங்கள் பல தேடல் முடிவுகளில் அடியில் போய்விட்டன. 2016 செப்டம்பரில் அது கூகுளின் அடிப்படை அல்காரிதத்துக்குள்ளேயே சேர்ந்தது. அதன்பின் இப்படிப்பட்ட லிங்க்குகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. அதாவது நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுவீர்கள், ஒன்றும் நடக்காது, ஏன் நடக்கவில்லை என்பதும் தெரியவராது. இன்னும் மோசமானால் கூகுளின் ஆட்களே பார்த்து, தளத்தைத் தேடலில் கீழே தள்ளும் மேனுவல் ஆக்‌ஷன் எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையின் தளத்துக்கு அப்படி வந்து, வாங்கிய லிங்க்குகளை எடுத்துவிடுங்கள் என்று தளம் தளமாக மெயில் போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது, சில தளங்கள் எடுப்பதற்கும் தனியாகக் காசு கேட்டன. லிங்க்குக்காகவே அடுத்தவர் தளத்தில் எழுதப்படும் கெஸ்ட் போஸ்ட்டும் இதே வகைதான். அதன் காலம் முடிந்தது என்று கூகுளின் மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே எழுதிவிட்டார். ஒரு நல்ல தளத்தில் அதன் வாசகருக்காக உண்மையாக எழுதுவது வேறு, அதைத் தாராளமாகச் செய்யலாம்.

இரண்டாவது, பத்திரிகைச் செய்தி தயாரித்து, காசு வாங்கிக்கொண்டு பல தளங்களுக்கு அனுப்பும் சேவையில் போடுவது. ஐம்பது தளங்களில் வந்துவிட்டது என்று ரிப்போர்ட் வரும், பார்க்க அழகாக இருக்கும். ஐம்பதும் ஒரே எழுத்து, அடியில் "இதற்கும் எங்கள் ஆசிரியர் குழுவுக்கும் தொடர்பில்லை" என்ற குறிப்பு. அப்படிப்பட்ட செய்திகளில் குறிச்சொற்களைத் திணித்து வைக்கும் லிங்க்குகளை 2013இலேயே கூகுள் தவறான லிங்க் முறைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புதிய கிளை திறந்தால் போடுங்கள், தப்பில்லை. லிங்க் வரும் என்று நினைத்துப் போடாதீர்கள்.

மீதி இருக்கும் நான்கு வழிகளைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நிருபருக்கு நிபுணராகப் பதில் சொல்வது, எல்லாருக்கும் திறந்திருக்கும் அரசுத் தரவைத் தொகுத்துக் கொடுப்பது, ஒரு கால்குலேட்டர் செய்து வைப்பது, உங்கள் கம்பெனிக்குள் மட்டும் இருக்கும் கணக்கை வெளியே கொண்டுவருவது. நான்குமே நேர்மையான வழிகள், நான்கிலும் லிங்க் வந்ததைப் பார்க்கலாம். ஆனால் செலவாகும் பொருள் ஒவ்வொன்றிலும் வேறு.

பதில் சொல்கிறவராக இருப்பது

இதற்கென்றே அமெரிக்காவில் 2008இல் பீட்டர் ஷாங்க்மன் ஹாரோ என்ற சேவையைத் தொடங்கினார். நிருபர் ஒருவர், "வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதுகிறேன், ஒரு வழக்கறிஞர் வேண்டும்" என்று கேட்பார், அது மெயிலில் ஏராளமானவர்களுக்குப் போகும், விஷயம் தெரிந்தவர் பதில் எழுதுவார், கட்டுரையில் அவர் பெயரும் பல நேரம் அவர் தளத்தின் லிங்க்கும் வரும். அருமையான யோசனை. பிறகு லிங்க் தேடி வந்த கூட்டமே அதை நாசமாக்கியது. துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் பதில் எழுதினார்கள், ஏஐ வந்த பிறகு ஒரே அச்சில் வார்த்த பதில்கள் குவிந்தன, நல்ல பதிலைத் தேடி எடுக்கும் பொறுமை நிருபர்களுக்கு இல்லாமல் போனது. அதைக் கையில் வைத்திருந்த சிஷன் நிறுவனம் கனெக்டிவ்லி என்று பெயர் மாற்றிப் பார்த்துவிட்டு 2024 டிசம்பரில் மூடிவிட்டது. 2025இல் ஃபீச்சர்ட் என்ற நிறுவனம் வாங்கி, பழைய பெயரிலேயே மறுபடி திறந்தது. அதே 2025இல் பத்திரிகைத் துறையைப் பற்றி எழுதும் பிரிட்டனின் பிரஸ் கெசட், பத்திரிகைகளில் அடிக்கடி கருத்துச் சொல்லிவந்த சில "நிபுணர்கள்" அந்தத் தகுதி உடையவர்கள்தானா, அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்றே உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதியது. அதன் பிறகு யாரென்று தெரியாத ஒருவரின் மெயிலை நம்புவதற்கு நிருபர்கள் இன்னும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

கோவை சோலார் கம்பெனிக்கு அந்த மெயில் சேவைகளால் பெரிய பயன் இல்லை, அங்கே வரும் கேள்விகளில் பெரும்பங்கு அமெரிக்க, பிரிட்டன் தளங்களுடையவை. ஆனால் அந்த யோசனை நம் ஊரிலும் வேலை செய்யும், நேரடியாகச் செய்தால். மின்சாரம் பற்றி இந்த வட்டாரத்தில் யார் தொடர்ந்து எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் பெயர்களைக் கவனித்தால் நான்கைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். மின் கட்டண உத்தரவு வெளியான அன்று மாலைக்குள், "மூன்று கிலோவாட் சோலார் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த உத்தரவால் பில் இப்படி மாறும்" என்று நான்கு வரி, ஒரு கணக்கு, ஒரு போன் நம்பர் அனுப்பினால் போதும். மறுநாள் அனுப்பினால் பயனில்லை, செய்தி போயிருக்கும். நண்பர் இதைக் கேட்டதும், "அன்னைக்கு நான் சைட்ல கூரை மேல நிப்பேனே" என்றார். உண்மைதான். இந்த வழிக்குக் காசு வேண்டாம், ஆனால் ஓனரின் நேரம் வேண்டும், அதுவும் அவர் நினைக்காத நேரத்தில். நீங்கள் நிறுத்தினால் லிங்க்கும் நின்றுவிடும்.

இதையே ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு வெதர்மேன் என்று எல்லாருக்கும் தெரிந்த பிரதீப் ஜான் வானிலைத் துறை அதிகாரி கிடையாது. 2015 சென்னை வெள்ளத்தின்போது பரவலாகத் தெரியவந்தவர், மழை வந்தால் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று செய்தித்தளங்கள் பார்த்து எடுத்துப் போடுகின்றன. அவர் யாருக்கும் "என்னைப் பற்றி எழுதுங்கள்" என்று பிட்ச் மெயில் அனுப்பித்தான் அந்த இடத்துக்கு வந்தார் என்று நான் நினைக்கவில்லை, மழையளவுகளை வைத்து விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

அரசுத் தரவைத் தொகுப்பது

ஹென்லி அண்ட் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்தின் தொழில், பணக்காரர்களுக்கு வேறு நாட்டில் குடியிருப்பும் குடியுரிமையும் பெற ஆலோசனை சொல்வது. அந்தத் தொழிலுக்காக எந்தப் பத்திரிகை லிங்க் கொடுக்கும்? ஆனால் 2006இலிருந்து அவர்கள் வெளியிடும் பாஸ்போர்ட் தரவரிசையை உலகம் முழுக்க எழுதுகிறார்கள், "இந்திய பாஸ்போர்ட் எத்தனையாவது இடம்" என்று தமிழ்ச் செய்தித்தளங்களிலும் தவறாமல் வந்துவிடும். மூலத் தரவு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவிடம் இருந்து வருவது. இவர்கள் அதை ஒரே கேள்விக்குப் பதிலாகச் சுருக்கிக் கொடுத்தார்கள், ஒவ்வொரு ஆண்டும் கொடுக்கிறார்கள்.

சோலாருக்கு இப்படி என்ன இருக்கிறது? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். எந்த மாநிலத்தில் எத்தனை வீடுகள் பயன்பெற்றன என்பது நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கான எழுத்துப்பூர்வப் பதில்களில் இணைப்பாக வருகிறது. அந்தப் பி.டி.எஃப். கோப்புகளைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. மாவட்ட வாரியாக வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கோவையில் எத்தனை வீடுகள், திருப்பூரில் எத்தனை, ஈரோட்டில் எத்தனை என்று ஒரு வரைபடமாகப் போட்டால் உள்ளூர்ப் பதிப்பில் எழுதும் நிருபருக்கு அது உடனே செய்திதான்.

இதன் பலம், செலவு மிகக் குறைவு. பலவீனம், உங்களால் முடிந்தது பக்கத்துக் கம்பெனிக்கும் முடியும், ஏன், நிருபரே நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், அப்போது லிங்க் அரசுத் தளத்துக்குத்தான் போகும். இன்னொரு விஷயம் எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருக்கிறது. "சோலார் பற்றிய 75 புள்ளிவிவரங்கள்" மாதிரி பக்கங்கள் செய்து, கூகுளில் எண் தேடும் எழுத்தாளர்களைப் பிடிப்பது எஸ்.இ.ஓ. உலகில் பல ஆண்டுகளாக நன்றாக ஓடிய உத்தி. அந்தப் பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை, மூலம் தேடிப் போனால் பல எண்களுக்கு அடியில் ஒன்றுமே இருக்காது. அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்கி சோலார் போடலாம் என்பதை நினைத்தால், லிங்க் வருகிறதே என்று மட்டும் பார்க்க மனம் வரவில்லை. அதோடு, 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏஐ ஓவர்வியூ (தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதித் தரும் சுருக்கம்) இந்தியாவுக்கு வந்த பிறகு, தொகுத்த எண்ணைத் தேடுகிறவருக்குப் பதில் தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. தொகுப்பை மட்டும் நம்புவது முன்பைவிட ஆபத்து.

கால்குலேட்டர்

அமெரிக்க அரசின் ஆய்வகம் ஒன்று உருவாக்கிய பிவிவாட்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. உங்கள் ஊரைச் சொன்னால் கூரை சோலார் மாதாமாதம் எவ்வளவு மின்சாரம் தரும் என்று மதிப்பிட்டுச் சொல்லும். சோலார் பற்றி எழுதும் எத்தனையோ பேர் அதற்கு லிங்க் கொடுக்கிறார்கள். அந்தக் கருவியோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம்.

ஆனால் தமிழ்நாட்டு இ.பி. பில்லை அது கணக்குப் போடாது. 2024 ஜூலைக் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே இருக்கும் படியின் விலையும் மாறிவிடும். அதனால் 490 யூனிட் எரிக்கும் வீட்டுக்கும் 520 யூனிட் எரிக்கும் வீட்டுக்கும் சோலாரால் மிச்சமாகும் தொகை நாம் நினைக்கிற மாதிரி இருக்காது. மாதாந்தர பில், ஒரே விலை என்று நினைத்துச் செய்த கால்குலேட்டர்கள் இங்கே தப்பாகத்தான் காட்டும். தமிழில், போனில் திறக்கிற மாதிரி, இந்தப் படிகளை அப்படியே உள்ளே வைத்து ஒன்று செய்தால் நிருபர் மட்டுமல்ல, குடியிருப்போர் சங்கங்கள், மின்வாரியம் பற்றி வீடியோ போடுகிறவர்கள் என்று பலரும் எடுப்பார்கள்.

செய்வதற்கு ஒரு டெவலப்பருக்கு இரண்டு வாரம் ஆகலாம். ஆனால் செய்து முடிப்பதோடு வேலை தீராது. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியது, 2024 ஜூலையில் மாறியது, இனியும் மாறும். மாறிய அன்றே கால்குலேட்டரையும் மாற்றாவிட்டால், அன்றைக்குத்தான் அதிகம் பேர் வருவார்கள், அன்றைக்குத்தான் அது தப்பாகச் சொல்லும். ஒரு முறை தப்பான தொகையை எடுத்துப் போட்டு, வாசகர் சுட்டிக்காட்டி, திருத்தம் போட நேர்ந்த நிருபர் திரும்ப உங்கள் பக்கம் வரமாட்டார்.

உங்கள் கணக்கு நோட்டில் இருப்பது

என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

கிரிசில் என்ற மதிப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் "ரொட்டி ரைஸ் ரேட்" என்று ஒன்றை வெளியிடுகிறது. வீட்டில் ஒரு சைவத் தாலி சமைக்க எவ்வளவு ஆகிறது, சிக்கன் வைத்த தாலிக்கு எவ்வளவு, போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா, தக்காளியாலா வெங்காயத்தாலா என்று. கிரிசிலின் உண்மையான தொழில் கடன் தர மதிப்பீடும் ஆய்வும், சாமானியர் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. தாலி விலையை எல்லாரும் படிக்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் அது வரும் என்று தெரிந்து நிருபர்கள் காத்திருக்கிறார்கள். டாம்டாம் என்ற நிறுவனம் தன் வழிகாட்டிக் கருவிகளிலிருந்து வரும் வண்டி வேகத் தரவை வைத்து நகரங்களின் நெரிசலை வரிசைப்படுத்துகிறது, பெங்களூரு எத்தனையாவது இடம் என்பது ஆண்டுதோறும் செய்தி. ஸ்விகி ஆண்டுக் கடைசியில் எந்த உணவு அதிகம் ஆர்டரானது என்று வெளியிடுகிறது, பிரியாணிதான் என்று தெரிந்தும் நாம் படிக்கிறோம். இந்த எண்கள் வேறு எங்கும் கிடைக்காது. எழுத வேண்டுமென்றால் அவர்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

"அவங்கெல்லாம் பெரிய கம்பெனி, என்கிட்ட என்ன இருக்கு?" என்றார் நண்பர். அவரிடம் இருப்பதைக் கேளுங்கள். அவர் மாட்டிய ஒவ்வொரு இன்வெர்ட்டரும் வைஃபை வழியாகத் தினமும் எத்தனை யூனிட் உற்பத்தி என்று ஆப்பில் பதிவு செய்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது, யாரும் திறந்து கூட்டிப் பார்க்கவில்லை. சோலார் விற்கிற எல்லாரும் வாயால் சொல்வது ஒன்றுதான்: ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு யூனிட். சராசரிக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் எந்த மாதம்? எந்த ஊர்? சென்னையில் வடகிழக்குப் பருவமழை வரும் நவம்பரில் உற்பத்தி விழும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமேகம் உள்ளே வருவதால் ஜூன், ஜூலையிலும் வானம் மூடிக்கிடக்கும். ஒரே மூன்று கிலோவாட், இரண்டு ஊரில் இரண்டு விதமாக இறங்கும். இரண்டு மாத பில் எடுப்பவருக்கு இது நேரடியாகப் பணத்தில் தெரியும்.

இன்னொன்று. கத்திரி வெயிலில்தான் சோலார் அதிகம் தரும் என்று பலர் நினைக்கிறோம். பேனல் 25 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், மே மதியத்தில் கூரை மேல் பேனல் எவ்வளவு சுடும் என்பது தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் வெயில் கொளுத்தும் மே மாதத்தைவிட மார்ச் மாதம் நன்றாகத் தருவது உண்டு. நண்பரின் வீடுகளில் உண்மையில் எந்த மாதம் முதலிடம்? அவருக்கே தெரியவில்லை, ஆப்பைத் திறந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், மே முதல் நாட்களில், எல்லாப் பத்திரிகைகளிலும் வெயில் செய்திக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது, "கோவையில் இத்தனை வீடுகளின் மூன்று ஆண்டுக் கணக்கு: சோலாருக்கு நல்ல மாதம் மே அல்ல" என்று ஒரு பக்கம் தயாராக இருந்தால் அதை எடுக்காத நிருபர் அபூர்வம். கணக்கு வேறு மாதிரி வந்தால், மே மாதமே முதலிடம் என்று வந்தால், அதையும் அப்படியே போட வேண்டும். பேராசிரியர்கள் சொல்வது ஒன்று, கோவைக் கூரை சொல்வது இன்னொன்று என்றால் அதுவும் செய்திதான்.

குறைந்த எண்ணிக்கைதானே, நம்புவார்களா என்ற பயம் அவருக்கு. நாற்பது வீடு இருந்தால் நாற்பது வீடு என்று எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வைஃபை அறுந்த நாட்களை எப்படிக் கையாண்டீர்கள், பேனல் துடைக்காத வீடுகளைச் சேர்த்தீர்களா விட்டீர்களா, எல்லாவற்றையும் பக்கத்தின் அடியில் எளிய தமிழில் வைத்துவிட வேண்டும். நல்ல நிருபர் முதலில் அந்தப் பகுதிக்குத்தான் வருவார். அவருக்கு ஆசிரியர் கேட்கும் கேள்வி, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்பதுதான், அதற்குப் பதில் உங்கள் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே ஒரே வாக்கியத்தில் முடிவு, அதன் கீழே போனில் தெளிவாகத் தெரியும் ஒரு வரைபடம், பிறகு முழு அட்டவணை எக்செல்லில் இறக்கிக்கொள்ள, பேசுவதற்கு ஒரு ஆளின் பெயரும் நம்பரும். இவ்வளவுதான். முன்னுரையாக "சூரியன் நமக்கு வாழ்வளிக்கிறான்" என்று இரண்டு பத்தி எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வாடிக்கையாளர் விஷயத்தில் கவனம் தேவை. அது அவர்கள் வீட்டு மின்சாரம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பது ஒரு பக்கம், சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுச் செய்வதுதான் முறை. பெயர், தெரு, இ.பி. நம்பர் எதுவும் வெளியே தெரியக்கூடாது, பகுதி அளவில் கூட்டிய சராசரி மட்டும் போதும். வாட்ஸ்அப்பில் கேட்டால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள், தங்கள் வீடு மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் எப்படி என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கே ஆசை இருக்கும்.

சொந்தத் தரவு இல்லாதவர்கள் சர்வே நடத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒழுங்காக நடத்தினால் நல்லதுதான், செலவும் அதற்கேற்ப. ஆனால் லிங்க்குக்காக அவசரத்தில் செய்யப்படும் சர்வேக்களும் "ஃபார்முலா"க்களும் எப்படிப் போய் முடியும் என்பதற்கு ப்ளூ மண்டே ஒன்று போதும். 2005இல் பிரிட்டனில் ஸ்கை டிராவல் என்ற நிறுவனத்தின் விளம்பரச் செய்தியில், ஜனவரியின் மூன்றாவது திங்கள்கிழமைதான் ஆண்டிலேயே மிகச் சோகமான நாள் என்று ஒரு சூத்திரத்தோடு சொன்னார்கள். அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. இருபது ஆண்டு கழித்தும் ஜனவரி வந்தால் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதுகின்றன. லிங்க் கணக்குப்படி பார்த்தால் மாபெரும் வெற்றி. நம் பெயரில் அப்படி ஒரு பொய் இருபது ஆண்டு சுற்றிக்கொண்டிருப்பதை நான் விரும்பமாட்டேன், நண்பரும் விரும்பமாட்டார்.

ஒரு கசப்பான விஷயம்

இவ்வளவும் செய்து செய்தி வந்த பிறகும் லிங்க் வராமல் போகலாம். நம் ஊர்ச் செய்தித்தளங்கள் பல, பெயரைச் சொல்வார்கள், தளத்துக்கு லிங்க் கொடுக்கமாட்டார்கள். சில இடங்களில் அது நிர்வாகத்தின் கொள்கை, சில இடங்களில் அச்சுப் பதிப்புக்கு எழுதியதை அப்படியே ஏற்றுவதால் வரும் பழக்கம். கொடுத்தாலும் நோஃபாலோ என்ற குறியோடு, அதாவது இதைச் சாட்சியாக எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறியோடு, கொடுக்கலாம். அந்தக் குறி 2005இல் வந்தது. 2019இல் கூகுள், அதைக் கட்டாயத் தடையாகப் பார்க்காமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்துவிட்டதால் முன்பு போல் அதற்காக மனம் உடைய வேண்டியதில்லை. லிங்க் இல்லாமல் வந்திருந்தால், நன்றி சொல்லிவிட்டு, "முழு அட்டவணை இந்தப் பக்கத்தில் இருக்கிறது, வாசகர்களுக்குப் பயன்படும் என்று தோன்றினால் சேர்க்க முடியுமா" என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். அட்டவணை உண்மையிலேயே பயனுள்ளதாக இருந்தால் சிலர் சேர்ப்பார்கள். இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

ஆங்கிலத்தில் வரும் எரிசக்தித் துறைத் தளங்கள், சுற்றுச்சூழல் பற்றி எழுதும் தளங்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோர் லிங்க் கொடுப்பதில் தாராளம். அதனால் பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்ப் பக்கம் வாடிக்கையாளரைக் கொண்டுவரும், ஆங்கிலப் பக்கம் லிங்க்கைக் கொண்டுவரும்.

அப்புறம் என்ன முடிவு செய்தோம்

நண்பரின் நிலைமைக்கு, சொந்தத் தரவு முதலில், அதே பக்கத்தில் கால்குலேட்டர் இரண்டாவதாக. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். அவருடைய வீடுகளின் உண்மையான மாத உற்பத்தியை வைத்தே கால்குலேட்டர் கணக்குப் போட்டால், வேறு யாருடையதும் அதற்கு ஈடாகாது. நிபுணர் பதிலுக்கு அவர் வேண்டாம், அலுவலகத்தில் இருக்கும் அவருடைய தங்கை நன்றாகவே எழுதுவார், கட்டண உத்தரவு வரும் நாட்களுக்கு மட்டும் தங்கை பொறுப்பு. மாவட்டக் கணக்குக்கு ஓர் ஆர்.டி.ஐ. மனு போட்டு வைப்பது, வந்தால் வரட்டும்.

எல்லாருக்கும் இதே வரிசை பொருந்தாது. நேற்றுத்தான் கடை திறந்தவரிடம் சொந்தக் கணக்கு என்று ஒன்றும் இருக்காது, அவர் அரசுத் தரவில் தொடங்குவதுதான் சரி. வழக்கறிஞர், மருத்துவர், ஆடிட்டர் போன்றவர்களுக்கு வாடிக்கையாளர் தகவலைத் தொடவே கூடாது, அவர்களுக்கு நிபுணர் பதில்தான் முதல் வழி. ஆன்லைனில் மட்டும் விற்பவருக்கு ஆர்டர் தரவு குவிந்திருக்கும், அவர் ஸ்விகி செய்வதைச் சிறிய அளவில் செய்யலாம். தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் ஒருவர்கூட எந்த பாகம் எத்தனை மாதத்தில் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார், திருப்பூரில் அந்தக் கணக்குக்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பொறுமையைப் பற்றியும் பேசினோம். முதல் அறிக்கை வெளியானதும் போன் அடித்துக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கிரிசிலின் தாலிக்குக் காத்திருக்கும் பழக்கம் அது மாதாமாதம் வந்ததால் உண்டானது. நண்பருக்கு ஆண்டுக்கு மூன்று முறை போதும் என்று முடிவு: அக்னி நட்சத்திரத்துக்கு முன் ஒன்று, தென்மேற்குப் பருவம் முடிந்ததும் செப்டம்பர் கடைசியில் ஒன்று, பொங்கலுக்கு அடுத்த வாரம் மழைக்காலக் கணக்கு ஒன்று. ஒரே முகவரியில், பழைய அறிக்கைகளை அழிக்காமல், புதியதை மேலே சேர்த்துக்கொண்டே போவது. இரண்டு ஆண்டு இதைச் செய்துவிட்டு லிங்க் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம் என்றேன். கொட்டேஷன் அனுப்பியவருக்கு அன்றே நன்றி சொல்லி மெசேஜ் போட்டுவிட்டார்.

இப்போது அவருடைய தங்கை ஆப்பிலிருந்து வீடு வீடாகக் கணக்கை இறக்கிக்கொண்டிருக்கிறார். பதினோரு வீடுகளில் வைஃபை பாஸ்வேர்டு மாற்றியதால் சில மாதங்கள் பதிவே இல்லை என்று நேற்று போன் செய்தார். அந்த வீடுகளை முழுக்க விட்டுவிடுவதா, இருக்கும் மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வதா என்று கேட்டார். இருக்கும் மாதங்களை எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை வீடுகளின் கணக்கு என்று அட்டவணையில் தனி வரிசை போட்டுவிடுங்கள் என்றேன்.